நல்ல குட்டிதான் முதலில் போகும்

கோவில்பட்டிப் பக்கத்து ஆட்டுக்காரர்களுக்கு வறட்சி பழகிய சங்கதி. பங்குனி, சித்திரையில் மேய்ச்சல் தீர்ந்தால் கிடையைப் பத்திக்கொண்டு தண்ணீர் இருக்கும் சீமைக்குப் போவார்கள். போக வழியில்லாதவர்கள் வேலிக்கருவை நெற்றைப் பொறுக்கிப் போட்டு ஒப்பேற்றுவார்கள். ஆடு இளைக்கும், கிழடும் நோஞ்சானும் சாகும். அதில் புரியாதது ஒன்றுமில்லை. புரியாத சாவு மழைக்குப் பிறகுதான் வரும். ஐப்பசியில் நாலு மழை விழுந்து, கரிசல் பச்சை பிடித்து, "இந்த வருசம் பிழைச்சோம்" என்று மூச்சு விடும் நேரத்தில், விடியக்காலையில் படலைத் திறந்தால் ஒரு குட்டி விறைத்துக் கிடக்கும். நோஞ்சான் குட்டி அல்ல. ஒற்றைக் குட்டியாகப் பிறந்து, தாயின் முழுப்பாலையும் பங்கில்லாமல் குடித்து, கிடையிலேயே கொழுகொழுவென்று இருந்த குட்டி. மறுநாள் இன்னொன்று. அதுவும் அதே ரகம்.

இதற்குத் துள்ளுமாரி என்று பெயர். கால்நடைத் துறையின் துண்டறிக்கைகளிலும் இதே பெயர்தான். பாடப்புத்தகத்தில் குடல் நச்சு நோய் என்று இருக்கும். குட்டிகளில் நோய் தெரிவதற்கும் உயிர் போவதற்கும் நடுவே பல நேரங்களில் இரண்டு மூன்று மணி நேரம்கூட இருப்பதில்லை. மந்தையை விட்டு ஒதுங்கி நிற்கும். தள்ளாடும். திடீரென்று எகிறித் துள்ளி விழும். தலையை முதுகுப் பக்கமாக வளைத்துக்கொண்டு கால்களை நீந்துவதுபோல அடித்துக்கொள்ளும். அவ்வளவுதான். அதையும் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. ராத்திரியோடு ராத்திரியாக முடிந்துபோயிருக்கும். வளர்ந்த ஆடு ஒரு நாள் தாக்குப்பிடிக்கலாம். வெள்ளாடு என்றால் கழிச்சலோடு சில நாள் இழுத்துக்கொண்டு கிடப்பதும் உண்டு. மாட்டில் இது குறைவு. ஆனால் பிறந்த சில நாட்களுக்குள், நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த கன்று ரத்தமாகக் கழிந்து, வயிற்றை உதைத்துக்கொண்டு சாகிறதென்றால், இதே கிருமியின் வேறொரு வகையைச் சந்தேகிக்க வேண்டும்.

ஐம்பது, அறுபது வருசத்துக்கு முன்னால் இந்தச் சாவுக்குக் கரிசலில் என்னென்ன காரணம் சொன்னார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டால் முதலில் வருவது "பூச்சி தொட்டிருக்கும்" என்பது. ராத்திரியில் பாம்பைப் பாம்பென்று சொல்லக்கூடாது, அதனால் பூச்சி. அடுத்து கண்ணேறு. கொழுத்த குட்டியாகப் பார்த்துச் சாவதால் இந்தக் காரணம் கச்சிதமாகப் பொருந்தியது. போன வாரம் வந்த சொந்தக்காரர் யாரோ "குட்டி நல்லா வந்திருக்கே" என்று சொல்லியிருப்பார். கொடைக்கு நேர்ந்துவிட்ட கிடா செத்தால் சாமி குற்றம். இவையெல்லாம் வீட்டுக்குள் முடிந்துவிடும். வெளியே வந்து வம்பில் முடிந்தது நாலாவது காரணம்: "எவனோ மருந்து வச்சிட்டான்." முந்தின நாள் யார் புஞ்சையில் ஆடு வாய் வைத்தது, யாரோடு வாய்த்தகராறு நடந்தது என்று பின்னோக்கிப் போனால் ஆள் கிடைக்காமல் போகாது. ஒரு பாக்டீரியா செய்த காரியத்துக்காக இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிருக்கின்றன.

அந்த நாளில் கிடை என்பது ஒருவருடைய சொத்தாக மட்டும் இருந்ததில்லை. பல வீட்டு ஆடுகள் ஒரு கிடையில் சேர்ந்து கிடக்கும். பயிர் இல்லாத காலத்தில் புஞ்சைக்காரர்கள் உரத்துக்காகக் கிடை மறிக்கச் சொல்வார்கள்; கூலி பெரும்பாலும் கம்பு, சோளம். கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் 'கிடை' என்ற குறுநாவலையே எழுதியிருக்கிறார். அந்த உலகம் அதைப் படித்தவர்களுக்குத் தெரியும். இந்த ஏற்பாட்டில் ஒரு குட்டி காரணமில்லாமல் செத்தால் மேய்ப்பவருக்கு இரட்டைக் கஷ்டம். ஆடும் போய், உடையவனிடம் கணக்கும் ஒப்புவிக்க வேண்டும். "நல்லாத்தான இருந்துச்சு, எப்படிச் செத்துச்சு?" என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. ராத்திரியில் திடீரென்று நல்ல குட்டி மட்டும் செத்தது என்பது யார் காதுக்கும் பொய்யாகத்தான் கேட்கும்.

வைத்தியம் இருந்தது. காது நரம்பைக் கீறி ரத்தம் விடுவது, சூடு போடுவது, மிளகும் பூண்டும் வெற்றிலையும் இடித்து மூங்கில் கொட்டத்தில் ஊற்றிப் புகட்டுவது. இந்த நோயில் அவை எதுவும் பலித்திருக்க வழியில்லை. புகட்டி முடிப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும். ஆனால் இரண்டு பழக்கங்களை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். ஒன்று, பனித்தண்ணி காயும் முன்னால் ஆட்டைப் பச்சையில் இறக்கக் கூடாது என்பது. வெறும் வயிற்றோடு புதுத் தளிரில் விடாமல், முதலில் காய்ந்த தாளிலோ தரிசிலோ கொஞ்சம் கடிக்கவிட்டு அப்புறம் பச்சைக்குக் கொண்டுபோவது. மற்றது, இரண்டு மூன்று குட்டிகள் அடுத்தடுத்துப் போனால் கிடையைக் கிளப்பிக்கொண்டு மேட்டுத் தரிசுக்கோ, குருமலை மாதிரியான மலையடிவாரத்துக்கோ போய்விடுவது. அந்த இடத்தில் ஏதோ தோஷம் என்பது அவர்கள் சொன்ன காரணம். சாவு நின்றுபோயிருக்கும். நின்றதற்குக் காரணம் தோஷம் விட்டது அல்ல, தீனி குறைந்தது. இன்றைக்கும் ஒரு கால்நடை மருத்துவர் முதலில் சொல்வது அதையேதான்: தானியத்தையும் இளம்பச்சையையும் நிறுத்து, காய்ந்த தட்டையைப் போடு.

மாட்டின் கதை வேறு. கரிசலில் அன்றைக்கு ஆடு செத்தால் நஷ்டம். உழவு மாடு செத்தால் அந்த வருச வெள்ளாமையே போனது. மழை விழுந்து நிலம் பதமாக இருக்கும் நாட்கள் கொஞ்சம்தான். அந்த நாட்களில் ஜோடியில் ஒன்று படுத்துவிட்டால் அடுத்தவன் மாட்டை இரவல் கேட்கவும் முடியாது, அவனும் உழுதுகொண்டிருப்பான். மாடுகள் திடீரென்று சாவதற்கு இந்த மண்ணில் பல காரணங்கள் வரிசையில் நின்றன. அடைப்பான்: மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் வடியும். சப்பை நோய்: இளவயதுக் காளைகளுக்குத் தொடையிலோ தோளிலோ வீங்கி, அழுத்தினால் நறநறவென்று காற்று ஓடும், இதைச் செய்வது துள்ளுமாரிக் கிருமியின் ஒன்றுவிட்ட உறவு. தொண்டை அடைப்பான் மழைக்காலத்து ஆள். இவற்றோடு சோளம். மழை பொய்த்து வாடிய இளஞ்சோளப் பயிரிலும், அறுத்த தாளிலிருந்து வெடிக்கும் தளிரிலும் சயனைடு நச்சு ஏறியிருக்கும். கட்டறுத்துக்கொண்டு போன மாடு ஒரு வயிறு மேய்ந்துவிட்டு அங்கேயே விழும். இத்தனைக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே காட்சிதான். நேற்று நன்றாக இருந்த மாடு இன்று இல்லை.

எது எதனால் என்று பிரித்துப் பார்க்கும் வேலை வெகுதூரத்தில் நடந்தது. 1892இல் அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் வெல்ச், ஜார்ஜ் நட்டால் என்ற இருவர், இறந்துபோன ஒரு நோயாளியின் ரத்தக்குழாய்களில் காற்றுக்குமிழிகள் இருப்பதைப் பார்த்து, அவற்றை உண்டாக்கிய கிருமியை விவரித்தார்கள். இன்றைக்கு அதன் பெயர் கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்ஜென்ஸ். பிராணவாயு பிடிக்காத ஜாதி. நிலைமை சரியில்லையென்றால் கெட்டியான வித்தாக மாறி மண்ணில் வருசக்கணக்கில் கிடக்கும். அது ஆட்டைக் கொல்லும் விதத்தை நிறுவியவர் மேற்கு ஆஸ்திரேலியாவில் எச். டபிள்யூ. பென்னெட்ஸ், அவருடைய அறிக்கை 1932இல் வந்தது. அங்கேயும் செத்தவை கொழுத்த ஆடுகள்தான். இங்கிலாந்திலும் நியூசிலாந்திலும் செத்த குட்டிகளின் சிறுநீரகம் கூழாகிக் கிடப்பதைப் பார்த்து அதையே நோய்க்குப் பெயராக வைத்திருந்தார்கள்.

இந்தக் கிருமி எங்கிருந்தோ வந்து தொற்றுவதில்லை என்பதுதான் விஷயத்தின் மையம். நல்ல ஆரோக்கியமான ஆட்டின் குடலிலேயே கொஞ்சம் இருந்துகொண்டிருக்கும். சாதாரண நாளில் தீனி குடல் வழியாக நகர்ந்துகொண்டே இருப்பதால் கிருமியும் அதன் நஞ்சும் சேர வாய்ப்பில்லை. ஆடு திடீரென்று தானியத்தையோ, பாலையோ, சத்தான இளம்புல்லையோ மட்டுமீறி உண்ணும்போது, முன்வயிற்றில் செரித்து முடியாத மாவுச்சத்து சிறுகுடலுக்குள் வழிகிறது. குடல் மந்தமாகிறது. கிருமிக்கு விருந்து, சில மணி நேரத்தில் கோடிக்கணக்காகப் பெருகிவிடும். செம்மறியைக் கொல்லும் 'டி' வகை அப்போது எப்சிலான் என்ற நஞ்சைச் சுரக்கிறது. சுரக்கும்போது அது பாதி நஞ்சுதான். அதை முழு நஞ்சாக்குவது ஆட்டின் சொந்தச் செரிமான நொதியான டிரிப்சின். குடல் சுவரைக் கசியவைத்து அது ரத்தத்தில் இறங்கி மூளைக்குப் போய், அங்குள்ள நுண்குழாய்களைக் கசியவைக்கிறது, மூளை வீங்குகிறது, அந்தத் துள்ளலும் வளைவும் அதனால் வருபவை. கிளாஸ்டிரிடியக் குடும்பத்து நஞ்சுகளில் போட்டுலினம், டெட்டனஸ் இரண்டுக்கும் அடுத்த கொடூரம் இதுதான் என்பார்கள். கன்றின் கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. சீம்பாலில் டிரிப்சினை அடக்கும் பொருள் இருப்பதால், டிரிப்சின் பட்டால் அழிந்துவிடும் 'சி' வகையின் பீட்டா நஞ்சு பச்சிளம் கன்றின் குடலில் அழியாமல் தங்கிவிடுகிறது. ஒரு நஞ்சுக்குச் செரிமானம் துணை, இன்னொன்றுக்குச் செரிமானம் இல்லாதது துணை.

பென்னெட்ஸ் அறிக்கை வந்த அதே 1932இல்தான் ராணிப்பேட்டையில் சென்னை மாகாணத்தின் சீரம் நிலையம் தொடங்கப்பட்டது. அது துள்ளுமாரிக்காக அல்ல. மாடுகளைக் கூட்டங்கூட்டமாக வாரிக்கொண்டு போன வெக்கை நோய்க்காக. பிற்பாடு கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையமாக வளர்ந்த அதே இடத்திலிருந்துதான் அடைப்பான், சப்பை, தொண்டை அடைப்பான் ஊசிகளும், துள்ளுமாரி ஊசியும் கரிசல் கிராமங்களுக்கு வந்துசேர்ந்தன. வெக்கை இன்று உலகத்திலேயே இல்லை. இந்தியாவில் அது கடைசியாகத் தலைகாட்டியது 1995இல், தமிழ்நாட்டில்; 2011இல் உலக அளவில் ஒழிந்ததாக அறிவித்தார்கள். வெக்கை வைரஸுக்கு உயிர் வாழ ஒரு மாடு வேண்டும். மாடுகளுக்கெல்லாம் எதிர்ப்பு வந்துவிட்டால் அதற்குப் போக்கிடமில்லை. துள்ளுமாரியை அப்படி ஒழிக்கவே முடியாது. மண்ணில் இருக்கிறது, குடலில் இருக்கிறது, ஆடு உள்ளவரை கூடவே இருக்கும்.

இன்றைய கரிசலைப் பார்க்க வருபவருக்கு முதலில் கண்ணில் படுவது காளை மாடு இல்லாதது. உழவு டிராக்டருக்குப் போய்விட்டது. இரண்டாவதாகப் படுவது மக்காச்சோளம். 1901இல் கோவில்பட்டியில் அரசாங்கம் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையைத் தொடங்கியபோது இது பருத்திச் சீமை. பருத்தியும் கம்பும் சோளமும் மாறிமாறி வந்தன. இப்போது கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் புரட்டாசியில் விதைக்கிற மானாவாரி நிலத்தில் மக்காச்சோளம் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது. பருத்தி எடுக்க ஆள் கிடைக்கவில்லை. நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீனி வேண்டும். கணக்கு அங்கே போய் நின்றது. 2018இல் அமெரிக்கன் படைப்புழு வந்து பயிரைச் சூறையாடியும் மக்காச்சோளம் போகவில்லை.

பழைய கம்மந்தாளில் ஆடு இறங்கினால் கிடைப்பது தட்டையும் சருகும், அங்கொன்று இங்கொன்றாகத் தப்பிய கதிரும். தையிலும் மாசியிலும் எந்திரம் ஓடி முடித்த மக்காச்சோளக் காட்டில் முழுக் கதிர்களே கிடக்கும். அரை மணி நேரத்தில் ஒரு கிடா வயிறு புடைக்கத் தானியமாகவே தின்றுவிடும். முன்வயிறு புளித்துப்போய் நடுங்கிச் சாவது ஒரு வழி. ஊசி போடாத ஆடாக இருந்தால் துள்ளுமாரி இன்னொரு வழி. ஐப்பசி, கார்த்திகையோடு முடிந்துகொண்டிருந்த பயம் இப்போது மாசி வரைக்கும் நீண்டிருக்கிறது. கிருமி மாறவில்லை. ஆட்டின் முன்னால் வைக்கப்படும் தட்டு மாறிவிட்டது.

வீட்டிலும் தட்டு மாறியது. 2011 ஜூனில் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் வந்தது. அதே வருசம் செப்டம்பரில் ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. இரண்டுமே நல்ல காரியங்கள். இரண்டாவதில் கரிசல் கிராமங்களில் எத்தனையோ பெண்கள் கையில் முதல்முறையாகச் சொந்தமாக நாலு காசு புரண்டது. ஆனால் அரிசியும் ஆடும் ஒரே முற்றத்தில் சந்தித்துக்கொண்டன. சாப்பிட்டு மிஞ்சிய சோறு, வண்டு விழுந்த அரிசி, கல்யாண வீட்டில் அண்டாவில் தங்கியது எல்லாம் ஆட்டுச் சட்டிக்குப் போனது. பாசத்தில் போடுவதுதான். மாட்டுப்பொங்கலன்று கன்றுக்கும் பசுவுக்கும் சர்க்கரைப் பொங்கலை உருண்டை உருண்டையாக ஊட்டிவிட்டு மறுநாள் மருத்துவமனைக்கு ஓடுவதும் இதே பாசத்தின் இன்னொரு முகம். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் வேலைக்கு வருவதென்றால் கால்நடை மருத்துவர்கள் குளுக்கோஸ் பாட்டிலையும் சமையல் சோடாவையும் எடுத்துவைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்குப் போனால் ஆட்டுக்கு இன்றைக்கு என்ன மரியாதை என்று தெரியும். மதுரை–தூத்துக்குடி சாலையில் இருக்கும் வேம்பூரின் பெயரைச் சுமக்கும், வெள்ளை உடம்பில் செம்பொட்டுப் போட்ட உயரமான செம்மறி. கறுப்புச் சிதறலோ செஞ்சிதறலோ உள்ள நெட்டைக் கொடியாடு. முகத்தில் கோடிட்ட கறுப்புக் கன்னியாடு என்று இந்த மண்ணின் ஜாதிகள் எல்லாம் வரும். தீபாவளிக்கும் பக்ரீதுக்கும் முந்தின சந்தைகளில் விலை கண்ணை முழிக்க வைக்கும். அந்தச் சந்தையைக் குறிவைத்துக் கடைசி இரண்டு மாதம் கிடாவுக்கு மக்காச்சோள மாவும் தவிடும் ஏற்றுகிறார்கள். எடை கூடக்கூட விலை கூடும். சாவின் வாய்ப்பும் கூடவே ஏறுகிறது. பாம்பும் கண்ணேறும் இப்போது கொஞ்சம் பின்னுக்குப் போயிருக்கின்றன. அவற்றின் இடத்தைப் பூச்சிமருந்து பிடித்துக்கொண்டது: "மருந்தடிச்ச காட்டுல மேஞ்சிருக்கும்." சில நேரம் அது உண்மையாகவும் இருப்பதால் சிக்கல்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி அறுத்துப் பார்ப்பது. அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. மூக்கிலோ வாயிலோ ஆசனவாயிலோ ரத்தம் வடிந்திருந்தால் கத்தியையே எடுக்கக் கூடாது. அடைப்பானாக இருந்தால் திறந்த உடம்பிலிருந்து வித்துகள் மண்ணுக்குப் போய்ப் பல்லாண்டு தங்கும், அறுத்தவருக்கும் தொற்றும். அந்த அடையாளம் இல்லையென்றால் திறப்பார்கள். துள்ளுமாரிக் குட்டியில் இதயத்தைச் சுற்றிய பையில் வைக்கோல் நிறத் தண்ணீர் தேங்கியிருக்கும். காற்றுப் பட்டதும் அது பாகுபோல உறையத் தொடங்கும். சிறுகுடல் சிவந்து ஊதியிருக்கும். சிறுநீரகத்தை விரலால் அழுத்தினால் பதமாக உள்வாங்கும். ஆனால் செத்து அரை நாளான எந்த ஆட்டிலும், அதுவும் நம் ஊர் வெயிலில், சிறுநீரகம் அழுகி அப்படித்தான் ஆகும் என்பதால் அனுபவசாலிகள் அதை மட்டும் நம்ப மாட்டார்கள். சிறுநீர்ப்பையில் மிச்சமிருக்கும் சிறுநீரில், சர்க்கரை நோயாளிகள் பயன்படுத்தும் அதே பட்டைக் காகிதத்தைத் தோய்த்துப் பார்ப்பார்கள். நிறம் மாறினால் துள்ளுமாரிக்குச் சாட்சி வலுவாகிறது. உறுதியாகச் சொல்லக் குடல் சாற்றை ஆய்வகத்துக்கு அனுப்பி நஞ்சைக் காண வேண்டும். முன்பெல்லாம் அதற்குச் சென்னையையோ நாமக்கல்லையோ அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. 2012இல் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தபின், கோவில்பட்டிக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் அந்த வசதி இருக்கிறது. வசதி இருந்தும் பெரும்பாலான குட்டிகள் அறுத்துப் பார்க்கப்படுவதில்லை. விடிந்ததும் கறியாகிவிடுகின்றன, அல்லது ஓடைப்பக்கம் வீசப்படுகின்றன. ஓடையில் வீசியதை நாய் இழுத்துப்போகும். ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கோடையில் கரிசலைத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு ஏன் புதைப்பதில்லை என்பதும் தெரியும்.

ஊசி இருக்கிறது, அதுவும் நல்ல ஊசி. நஞ்சின் நச்சுத்தன்மையை நீக்கிவிட்டு உடம்புக்கு அடையாளம் காட்டும் மருந்து. மழைக்கு முன்னால், ஆவணி புரட்டாசிக்குள் போட்டுவிட்டால் ஆபத்தான மாதங்களைத் தாண்டலாம். வாரக்கடைசி முகாமில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஐஸ் பெட்டியிலிருந்து பாட்டிலை எடுத்து நன்றாகக் குலுக்குகிறார் டாக்டர். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கி முதல் ஆட்டுக்குத் தண்ணீரும் கடைசி ஆட்டுக்குக் கட்டியும் போகும். வலைக்கிடையின் மூலையில் ஆடுகளை நெருக்கி, ஒருவர் பிடித்து முழங்கால்களுக்கிடையில் கொடுக்க, தோலைக் கிள்ளித் தூக்கி அதன் அடியில் ஊசி. போட்டதற்கு அடையாளமாக முதுகில் சாயம். ஒரு ஆட்டுக்குச் சில விநாடிகள்தான். அப்புறம் டாக்டர் கிடைக்காரப் பெரியவரிடம் கேட்கிறார்:

"தாத்தா, குட்டிகளுக்கு இது முதல் ஊசி. மூணு வாரத்துல இன்னொண்ணு போட்டாத்தான் பிடிக்கும். அப்ப கிடை எங்க இருக்கும்?"

"அதை மழையத்தான் சார் கேக்கணும்."

பெரியவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. முதல் ஊசி உடம்புக்கு அறிமுகம் மட்டும். இரண்டாவது போட்டால்தான் எதிர்ப்பு உருப்படியாக எழும்பும். பிறகு வருசத்துக்கு ஒன்று போதும். ஆனால் மழை விழுந்து கரிசல் சேறானால் கிடை அங்கே தங்க முடியாது. செவக்காட்டுக்கோ மலைப்பக்கத்துக்கோ நகர்ந்துவிடும். இரண்டாவது ஊசிக்கான நாள் வரும்போது கிடை வேறு டாக்டரின் எல்லையில் இருக்கும். அங்கே முகாம் எப்போதோ முடிந்திருக்கும். 2000இல் தொடங்கிய கால்நடைப் பாதுகாப்புத் திட்டத்தின் முகாம்கள் கிராமத்தைக் கணக்கில் வைத்து நடப்பவை. கிடைக்கு ஊர் கிடையாது. இந்த நோயில் இன்றைக்கு மிச்சமிருக்கும் சாவுகளில் நல்ல பங்கு இந்த இடைவெளியில் விழுகிறது என்பது என் கணிப்பு. ஒரு ஊசி போட்ட குட்டி செத்தால் "ஊசி போட்டுத்தான் செத்துச்சு" என்று அடுத்த முகாமுக்குப் பாதிக் கிடை வராது. அந்தக் கோபத்தை அறியாமை என்று ஒதுக்குவது சுலபம். மூன்று வாரம் கழித்து என்ற பாதியை அவருக்குக் கிடைக்கச் செய்யாமல், முதல் பாதியை மட்டும் கொடுத்தவர்கள் யார் என்றும் கேட்க வேண்டும்.

இதைத் தாண்ட ஒரு குறுக்குவழி உண்டு, அவ்வளவாக யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சினையாட்டுக்கு ஈனுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பு ஊசி போட்டால் சீம்பாலோடு குட்டிக்கும் பாதுகாப்பு போகும். முதல் இரண்டு மாதத்தை அதுவே காக்கும். சினையாட்டைப் பிடித்து ஊசி போட்டால் கருச்சிதைந்துவிடும் என்று கிடைக்காரர்கள் பயப்படுகிறார்கள். முரட்டுத்தனமாகப் பிடித்தால் சிதையத்தான் செய்யும். பதமாகப் பிடித்தால் ஆபத்தில்லை.

வெள்ளாட்டில் இந்த ஊசிக்குச் செம்மறி அளவுக்கு நீண்ட பிடிப்பு இல்லை; வருசத்துக்கு ஒன்று போதாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது போடச் சொல்வார்கள். பரண் அமைத்து, அடர்தீவனம் அளந்து போட்டு ஆடு வளர்க்கும் புதுப் பண்ணைக்காரர்கள் செல்போனில் தேதி குறித்து அதைச் செய்துவிடுகிறார்கள். கோவில்பட்டித் தெருக்களில் இரண்டு கொடியாடும் ஒரு கன்னியாடும் வைத்திருக்கும் வீடுகளில் வருசத்துக்கு ஒரு முகாமைத் தாண்டி ஊசியில்லை. ஆடு துள்ளி விழுந்த பிறகு 1962க்குப் போன் போடுகிறார்கள். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வருகிறது, சினைப்பிடிக்காத பசுவுக்கும் கால் முறிந்த கன்றுக்கும் அது பெரிய உதவி. துள்ளுமாரிக்கு அந்த வண்டி வந்துசேரும்போது செய்ய வேண்டியது மிச்சமிருக்கும் ஆடுகளுக்குத்தான். அவற்றின் முன்னாலிருந்து சோற்றுச் சட்டியை எடுத்துவிட்டு, படப்பிலிருந்து ஒரு கை சோளத்தட்டையை உருவிப் போடச் சொல்கிறார் டாக்டர். வீட்டுக்கார அம்மாவுக்கு மனசு வரவில்லை. "வெறும் தட்டையத் திங்குமா சார்?" என்கிறார்.